கைக்குழந்தையும் காவடி மேளமும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டிருந்த விஷயம் இது. கொஞ்சம் நீளமாத்தான் போகும். பொறுமையா வாங்க.

பழனிக்காரனாப் பொறந்தவனுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை ஒரே கேள்வி போன்ல வரும். தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்னாடி ஒண்ணு, பங்குனி உத்திரத்துக்கு முன்னாடி ஒண்ணு. "ஏப்பா, பாப்பாவுக்கு எட்டு மாசம் ஆகுது. திருவிழா அன்னைக்கே மொட்டை போடலாம்னு வீட்ல சொல்றாங்க. கூட்டத்துல தூக்கிட்டு வரலாமா? மேளச் சத்தத்துக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

இதுக்கு எங்க வீட்டில் ரெண்டு பதில் உண்டு. அப்பத்தா சொல்லும்: "தவுலுச் சத்தத்துலதான்டா நீங்கள்லாம் தூங்குனீங்க. எந்தப் பிள்ளைக்குக் காது போச்சு?" சின்னக் குழந்தைகளைப் பார்க்கிற டாக்டர்கள் சொல்லுவாங்க: "ஒரு வயசு வரைக்கும் அந்த மாதிரி சத்தத்துக்குக் கொண்டுபோகாதீங்க."

ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் என்பது என் கட்சி. அது எப்படி ரெண்டும் சரியாகும்னு கேக்கறீங்களா? அப்பத்தா பேசுறது ஒரு காலத்துச் சத்தத்தைப் பத்தி, டாக்டர் பேசுறது வேற ஒரு காலத்துச் சத்தத்தைப் பத்தி. நடுவில் ஒரு சாமான் வந்துச்சு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

டிக்கெட் இல்லாத இசை விழா

வெள்ளைக்காரங்க ஊர்ல 'திறந்தவெளி இசை விழா'ன்னு சொன்னா உடனே எல்லாரும் உட்ஸ்டாக்கைத்தான் சொல்லுவாங்க. 1969 ஆகஸ்ட், நியூயார்க் மாநிலத்தில் ஒரு பால் பண்ணை நிலம், 4 லட்சம் பேருக்கு மேல் கூட்டம். அடுத்த வருஷம், 1970ல், இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி ஆரம்பிச்சது. அதுவும் ஒரு பால் பண்ணைதான். நுழைவுச் சீட்டு 1 பவுண்டு, பண்ணைப் பால் இலவசம்! (குழந்தையோட வந்தவங்களுக்கு அது உபயோகமா இருந்திருக்கும் :-))

நம்ம ஊர்ல அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே பத்து நாள் திறந்தவெளி இசை விழா நடந்துகிட்டுத்தான் இருக்கு. பேருதான் வேற. தைப்பூசத்துக்கு ஊருக்குள்ள பெரியநாயகி அம்மன் கோயில்ல கொடியேறும், தேர் அங்க ரத வீதிகள்ல ஓடும். பங்குனி உத்திரத்துக்கு அடிவாரத்துத் திருஆவினன்குடியில கொடியேறும், தேர் மலையைச் சுத்திக் கிரிவீதியில ஓடும். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடிக் காவிரித் தண்ணியைத் தீர்த்தக் காவடியா எடுத்துகிட்டு கொங்கு நாட்டு ஜனங்க வருவாங்க. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடி நடந்தே வரும். எடப்பாடிக் காவடிக் கூட்டம் தைப்பூசம் முடிஞ்ச கையோட வந்து, மலைமேலயே ராத்தங்குற உரிமையோட இருக்கும்.

இத்தனை கூட்டமும் சும்மா வராது. நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி, சலங்கைன்னு ஒவ்வொரு கூட்டமும் தன் மேளத்தோட வரும். ஒரு பக்கம் ஒயிலாட்டம், ஒரு பக்கம் கும்மி, நடுவுல காவடியாட்டம். நடை அலுப்புத் தெரியாம இருக்கக் காவடி எடுக்கிறவங்க பாடிய சிந்துக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலக்கிய அந்தஸ்து வாங்கிக் கொடுத்தவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். அவர் பாடியது கழுகுமலை முருகனை. ஆனா காவடிச் சிந்துன்னு ஒரு பாட்டு வகை பெருசா நிலைச்சதுக்கு இந்த மாதிரி நடைபயணங்கள்தான் அடித்தளம்.

மிருதங்கத்தில் இடது கைப் பழக்கத்தோடு வாசித்துப் பெரும் பேர் வாங்கிய பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908 - 1962) எங்க ஊர்ப் பேரைத்தான் முன்னால போட்டிருந்தார். கோயில் நிர்வாகமே நாதஸ்வரமும் தவிலும் சொல்லிக்கொடுக்கிற பள்ளி நடத்துது. இந்த ஊர்ல பொறந்த குழந்தை மேளச் சத்தம் கேக்காம வளரவே முடியாது.

பிள்ளைக்குத் துணையாத்தான் பெத்தவங்க

இன்னொரு விஷயம். உட்ஸ்டாக் மாதிரி விழாவுக்குப் போறது பெத்தவங்க ஆசைக்காக. குழந்தை கூடப் போற மூட்டை. பழனியில அது அப்படியே தலைகீழ். குழந்தைக்கு மொட்டை, குழந்தைக்குக் காதுகுத்து, குழந்தை பேர்ல வேண்டுதல். இங்க பெத்தவங்கதான் மூட்டை!

சாமியே குழந்தைதானே. மாம்பழத்துக்குக் கோவிச்சிகிட்டு மலையேறி நின்ன பிள்ளையின் ஊர் இது. திருமுருகாற்றுப்படையில் வர்ற ஆவினன்குடிதான் இன்னைக்கு அடிவாரத்துல இருக்கிற திருஆவினன்குடி. பிள்ளைத்தமிழ்னு ஒரு இலக்கிய வகை நமக்கு இருக்கு. முருகன் மேலயே திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழ், முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ்னு உண்டு. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒண்ணு 'சிறுபறை'. அதாவது குழந்தை குட்டிப் பறையைத் தட்டி விளையாடுற பருவம். குழந்தையையும் கொட்டையும் நம்ம ஆளுங்க பிரிச்சே பார்க்கல.

கொடைக்கானல் மேல பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் இருக்கு. அருணகிரிநாதர் அங்கே தூங்கிகிட்டிருந்தப்போ ஒரு ராட்சசி கொல்ல வந்ததாகவும், முருகன் குழந்தையா வந்து பக்கத்துல படுத்துக்கொண்டதைப் பார்த்துத் தாயும் பிள்ளையும்னு நினைச்சு அவ திரும்பிப் போனதாகவும் கதை. தூங்குற குழந்தையைக் கண்டா ராட்சசிகூடச் சத்தம் போடாம போயிடுவான்னுதானே அதுக்கு அர்த்தம்? இந்தக் கதையை மனசுல வச்சுக்குங்க.

திருவண்ணாமலையில் இன்னும் ஒரு படி மேல. குழந்தை வரம் வேண்டிக்கொண்டவங்க, பிள்ளை பிறந்த பிறகு கரும்புக் கட்டுல சேலையைத் தொட்டிலாக் கட்டி, அதுல குழந்தையைப் போட்டு, முன்னால ஒருத்தர் பின்னால ஒருத்தர் தோள்ல தூக்கிகிட்டு வலம் வருவாங்க. கார்த்திகை தீபத் திருவிழாவில் இந்தக் கரும்புத் தொட்டிலை நிறையப் பார்க்கலாம். சுத்தி மேளம், கூட்டம், வெயில். குழந்தை உள்ள தூங்கும்.

அப்போ அந்தக் காலத்துல குழந்தைங்க காது இரும்பால செஞ்சதா என்ன? அதெல்லாம் இல்லை.

மேளத்துக்கு மூச்சு வாங்கும்

நாதஸ்வரமும் தவிலும் வெளியில வாசிக்கவே பிறந்த கருவிகள். ஆச்சா மரத்துக் குழல், பலா மரத்துத் தவில். திமிரின்னு சொல்ற குட்டை நாதஸ்வரம் கீச்சுன்னு உச்ச சுருதியில் பேசும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898 - 1956) பிரபலமாக்கிய நீளமான பாரி நாதஸ்வரம் கொஞ்சம் அடங்கின சுருதி. எதுவா இருந்தாலும் பக்கத்துல நின்னா காது அடைக்கும். அதுல சந்தேகமே வேண்டாம்.

ஆனா இந்தச் சத்தத்துக்கு மூணு குணம் உண்டு.

முதல் குணம், அது ஒரே இடத்திலிருந்து வரும். திறந்தவெளியில் ஒரு சத்தத்திலிருந்து விலகிப்போகும்போது, தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். இது பௌதிக விதி. ரெண்டு மீட்டர்ல 100 டெசிபல்னு வச்சுக்குவோம். 4 மீட்டர்ல 94, 8 மீட்டர்ல 88, 16 மீட்டர்ல 82, 32 மீட்டர்ல 76. அதாவது சுமார் நூறடி தள்ளி ஒரு திண்ணையில உக்காந்தா, காதைப் பொளந்த சத்தம் ஒரு சுகமான சங்கீதம் ஆயிடும். எந்தத் தாய்க்கும் இந்தக் கணக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளை முகம் சுளிச்சா பத்தடி பின்னால போவா. அவ்வளவுதான்.

ரெண்டாவது குணம், அது நகரும். சாமி புறப்பாட்டோட மேளம் வீதியில வந்து, உங்களைத் தாண்டி, அடுத்த தெரு திரும்பிடும். பத்து நிமிஷச் சத்தம். அப்புறம் அமைதி.

மூணாவதுதான் ரொம்ப முக்கியம். அது களைச்சுப்போகும். ஊதுறவரும் மனுஷன், அடிக்கிறவரும் மனுஷன். சீவாளியை மாத்தணும், வெத்தலை போடணும், ஒரு டம்ளர் காப்பி குடிக்கணும். அந்த இடைவெளியில பிள்ளை தூங்கும். வேப்ப மரத்துலயோ மாட்டு வண்டியின் அடியிலயோ சேலையில தூளி கட்டி ஆட்டுவாங்க. எங்க அப்பத்தா மாட்டு வண்டி கட்டி வந்த காலத்தைச் சொல்லும்போது, எந்த வருஷம் என்ன மேளம்கிறதெல்லாம் அதுக்கு ஞாபகம் இருக்காது. வண்டிக்கடியில தூளி கட்டுனது மட்டும் மறக்கவே மறக்காது.

விடிய விடிய நாடகம்

திருவிழான்னா ராத்திரி நாடகமும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) எழுதிய வள்ளி திருமணம் மாதிரியான நாடகங்கள் ராத்திரி 10 மணி வாக்குல ஆரம்பிச்சு விடியக்காலையிலதான் முடியும். மதுரை, திண்டுக்கல் பக்கத்து ஊர்களில் ஸ்பெஷல் நாடகம்னு இது இன்னைக்கும் உயிரோட இருக்கு. பாயை விரிச்சு, பிள்ளைகளைத் தூங்கவச்சு, அம்மாக்கள் நாடகம் பார்ப்பாங்க. பபூன் வந்தா மட்டும் பிள்ளைகளைத் தட்டி எழுப்புவாங்க.

கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளும் (1908 - 1980) எஸ்.ஜி.கிட்டப்பாவும் (1906 - 1933) ஜோடியா நாடக மேடையில பாடுன காலத்துல, குரல் தன் பலத்துலயே கடைசி வரிசைக்குப் போகணும். முன்வரிசையில உக்காந்தவனுக்குக் கணீர்னு கேக்கும், கடைசியில பாய் போட்டவளுக்கு மெல்லிசாக் கேக்கும். கைக்குழந்தைக்காரி ஏன் எப்பவும் கடைசியிலயே உக்காருவான்னு இப்பப் புரியுதா? அழுதா எழுந்து போறதுக்கு மட்டும் இல்ல. அந்த இடம்தான் பிள்ளை காதுக்கு ஏத்த இடம்.

இதுல ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கு. அந்தக் காலத்துல ஒரு சாதாரணக் குடும்பத்துப் பொண்ணு நல்ல சங்கீதம் கேக்கணும்னா வேற எங்க போவா? கச்சேரி சபா நகரத்து விஷயம். டிக்கெட் வாங்கணும், நாற்காலியில அசையாம உக்காரணும், குழந்தை அழுதா நாலு பேர் திரும்பி முறைப்பாங்க. திருவிழாவுல அந்த முறைப்பு இல்லை. குழந்தைக்கு இடம் இருந்ததால தாய்க்கு இடம் இருந்துச்சு. இருபது வயசுல கல்யாணம், வரிசையா நாலஞ்சு பிள்ளைன்னு வாழ்ந்த ஒருத்தி, தன் வாழ்நாள்ல கேட்ட சங்கீதத்துல பெரும்பகுதி இடுப்புல ஒரு பிள்ளையோட கேட்டதுதான்.

குழாய் வந்த கதை

இப்பதான் அந்தச் சாமான் வருது.

1915ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்து முன்னால கூடுன பெரும் கூட்டத்துக்கு, ஜென்சன், பிரிதம்னு ரெண்டு பேர் தாங்க செஞ்ச மேக்னவாக்ஸ் ஒலிபெருக்கியை வச்சுப் பாட்டும் பேச்சும் கேக்க வச்சாங்க. இந்தியாவில் 1930களில் காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டிப் பேர் வாங்கியது சிகாகோ ரேடியோ. (பேருதான் சிகாகோ, நடத்துனது சிந்துப் பகுதியிலிருந்து வந்த மோட்வானி குடும்பம்.) சுதந்திரத்துக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சவுண்ட் சர்வீஸ் வந்துச்சு. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவா இருந்தாலும் முதல் வேலை 'குழாய் கட்டுறது'.

அதை நான் குறை சொல்ல வரல. டி.எம்.சௌந்தரராஜன், சூலமங்கலம் சகோதரிகள், பித்துக்குளி முருகதாஸ், பெங்களூர் ரமணியம்மாள், எல்.ஆர்.ஈஸ்வரி எல்லாரும் எங்க தெருவுக்குக் குழாய் வழியாத்தான் வந்தாங்க. ரேடியோ வாங்க முடியாத வீட்டுக்கும் அந்தப் பாட்டு போய்ச் சேர்ந்துச்சு. அது நல்ல காரியம்தான்.

ஆனா மேளத்தோட மூணு குணமும் குழாயில போச்சு. ஒரே இடத்திலிருந்து வராது. கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருப்பாங்க. ஒரு குழாயிலிருந்து பத்தடி விலகினா அடுத்த குழாய்க்குப் பத்தடி கிட்டப் போறோம்! தூரத்துக்குச் சத்தம் குறையும்கிற விதி பொய்யாகல. தூரம்னு ஒண்ணே இல்லாம போச்சு. நகரவும் நகராது. ராவும் பகலும் அதே கம்பத்துலதான். களைப்பும் கிடையாது. இசைத்தட்டுக்கு வெத்தலை போடற பழக்கம் இல்லையே. அதுக்கப்புறம் கேசட், சிடி, ஆளுயரப் பெட்டி ஸ்பீக்கர், லாரியில ஜெனரேட்டரோட வர்ற செட்டு. நாதஸ்வரக்காரரும் வாய்க்கு முன்னால மைக் வச்சுகிட்டாதான் பக்கத்துக் கூட்டத்தோட செட்டைத் தாண்டி அவர் சத்தம் கேக்கும்னு ஆயிடுச்சு. ஏற்கனவே கணீர்னு பேசுற கருவிக்கு மைக்!

அப்பத்தா சொன்ன தவில் வேற, இன்னைக்கு எட்டு மாசக் குழந்தை கேக்கிற தவில் வேறன்னு நான் சொன்னது இதைத்தான்.

கோர்ட்டுக்குப் போன தூக்கம்

இந்த விஷயம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. அதுவும் நம்ம சென்னை மாதவரத்திலிருந்து. ஒரு சர்ச்சுக்கும் பக்கத்துக் குடியிருப்பு நலச் சங்கத்துக்கும் நடந்த ஒலிபெருக்கி வழக்கு. 2000 ஆகஸ்ட் 30 அன்னைக்குத் தீர்ப்பு. அடுத்தவங்க அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வச்சுத்தான் வழிபடணும்னு எந்த மதமும் சொல்லலைன்னு அதுல இருக்கு. இது எல்லா மதத்துக்கும் பொருந்தும், கோயிலும் மசூதியும் சேர்த்தி. எனக்குப் பிடிச்சது அடுத்த கருத்து. பக்கத்து வீடுகள்ல இருக்கிற கைக்குழந்தைகளுக்கும் அமைதியாத் தூங்குற இயற்கை உரிமை இருக்குன்னு நீதிபதிகள் எடுத்துச் சொன்னாங்க. பூம்பாறை ராட்சசிக்குத் தெரிஞ்சதை நாட்டோட உச்ச நீதிமன்றம் எழுதிவச்சது :-)

அதே 2000ல மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. குடியிருப்புப் பகுதியில பகல்ல 55, ராத்திரி 45 டெசிபல். ராத்திரி 10லிருந்து காலை 6 வரைக்கும் வெளியில ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலத்துக்காக வருஷத்துக்கு 15 நாளுக்கு மேற்படாம நள்ளிரவு 12 மணி வரைக்கும் மாநில அரசு தளர்த்தலாம்னு 2002ல திருத்தினாங்க. 2005 ஜூலை 18ல சுப்ரீம் கோர்ட் இன்னொரு விரிவான தீர்ப்பு கொடுத்து இந்த ராத்திரித் தடையை உறுதி செஞ்சது. இப்போ திருவிழாவுக்குப் போலீஸ் அனுமதி கொடுக்கும்போது கூம்பு ஒலிபெருக்கி கட்டக்கூடாதுன்னு நிபந்தனை போடறது வழக்கமா இருக்கு.

ஒண்ணு கவனிச்சீங்களா? ராத்திரி 10லிருந்து காலை 6ன்னா அது வள்ளி திருமணம் நடக்குற அதே நேரம். குரலை நம்பி நடந்த நாடகத்துக்கு யாரும் தடை போட வேண்டி வரல. குழாய்க்குத்தான் சட்டம் வேண்டியிருந்துச்சு.

காதுக் கணக்கு

கொஞ்சம் அறிவியல். பயப்படாதீங்க, சுருக்கமா முடிச்சுடறேன்.

உள்காதுல நத்தை ஓடு மாதிரி ஒரு உறுப்பு இருக்கு. அதுக்குள்ள மயிர் போல நுனி உள்ள செல்கள். சத்தத்தை நரம்புக்குச் சொல்றது அதுங்கதான். அளவுக்கு மீறின சத்தத்தில அது செத்தா மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. மொட்டை போட்ட முடி மாதிரி இல்லைங்க இது.

பெரியவங்களுக்கே ஒரு கணக்கு இருக்கு. அமெரிக்காவின் தொழிலாளர் உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்றபடி 85 டெசிபல்னா நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88னா 4 மணி, 91னா 2 மணி, 94னா 1 மணி, 100னா வெறும் 15 நிமிஷம். இது வேலை செய்யற பெரியவங்களுக்குப் போட்ட கணக்கு. கைக்குழந்தைக்கு இதைவிடக் குறைச்சலாத்தான் வச்சுக்கணும். காரணம், குழந்தையோட காதுத் துளை சின்னது, நீளமும் குறைவு. அதனால கீச்சுன்னு வர்ற உச்ச சுருதிச் சத்தம் அதுக்குள்ள இன்னும் பலமாகும். பெரியவங்க காதைவிட அந்தச் சுருதியில குழந்தை காதுக்கு அடி அதிகம். கூம்புக் குழாயில நல்லாப் பேசுறதும் அந்த மாதிரிச் சுருதிதான்.

இன்னொண்ணு. "பாப்பா நல்லாத்தான் தூங்குது, சத்தம் ஒண்ணும் செய்யல"ன்னு நிறையப் பேர் சொல்றதுண்டு. தூங்குறதால காது கதவைச் சாத்திக்காது. கண்ணுக்கு இமை இருக்கு, காதுக்கு இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் இசை அரங்குகளுக்கும் விழாக்களுக்கும் ஒரு தர அளவு வெளியிட்டது. சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, காதுக் கவசம் கிடைக்கச் செய்யணும், வந்தவங்க ஒதுங்கி உக்கார அமைதியான இடம் இருக்கணும். அந்தக் கடைசி விஷயத்தைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அடிவாரத்துல ஒவ்வொரு சமூகத்துக்கும் இருக்கிற மடமும் சத்திரமும் வேற எதுக்காம்? கிளாஸ்டன்பரியில குழந்தைங்களுக்குன்னே தனியா ஒரு திடல் ஒதுக்கியிருக்காங்க. அங்க குழந்தைங்க தலையில பெரிய காதுக் கவசம் மாட்டியிருக்கிறதும் சகஜம்.

அப்போ கூட்டிட்டு வரலாமா?

வரலாம். கட்டாயம் வாங்க. ஆனா தூரத்தை நீங்களே உண்டாக்கிக்கணும். முன்னால அது தானா இருந்துச்சு.

தேர் அன்னைக்கு வராதீங்க. கொடியேறின முதல் ரெண்டு நாள்லயோ, விழா முடிஞ்ச பிறகோ வாங்க. மொட்டைக்கு முருகன் தேதி பார்க்கிறதில்லை. மலைமேல சாதாரண நாள்லயும் சாயங்காலம் தங்கத் தேர் இழுப்பாங்க, மேளம் கேக்கலாம். பிள்ளையைத் தூக்கிகிட்டு சுமார் 690 படி ஏற முடியாதவங்களுக்கு 1966லிருந்து விஞ்ச் இருக்கு, 2004லிருந்து ரோப் கார் இருக்கு. கிரிவீதியில 2024லிருந்து தனியார் வண்டிகளுக்குத் தடை வந்ததால ஹாரன் சத்தம் இல்லாம பிள்ளையோட மலையைச் சுத்தி நடக்க முடியுது. இது பெரிய நிம்மதி. பால் கொடுக்கணும்னா, 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டு பஸ் நிலையங்கள்ல தாய்ப்பால் ஊட்டும் அறை திறந்தாங்க, விசாரிச்சுக்குங்க.

சத்தத்தை அளக்கக் கருவி வேண்டாம். கை எட்டுற தூரத்துல நிக்கிறவங்ககிட்ட குரலை உசத்திப் பேச வேண்டியிருந்தா, அந்த இடம் 85 டெசிபல் பக்கம்னு அர்த்தம். பிள்ளையோட நகர்ந்துடுங்க. பஞ்சை வைக்காதீங்க, பெருசா ஒண்ணும் தடுக்காது. பெரியவங்க வைக்கிற நுரை அடைப்பானும் வேண்டாம், எடுத்து வாயில போட்டுக்கும். தலைக்கு மேல மாட்டுற குழந்தைக் காதுக் கவசம் இப்போ ஆன்லைன்ல கிடைக்குது. மொட்டைத் தலையில சந்தனம், காதுல கவசம்... பார்க்க வேடிக்கையாத்தான் இருக்கும். இருக்கட்டுமே.

ஆனா இதையெல்லாம் தாய் தகப்பன் தலையிலயே கட்டிட்டு நாம ஒதுங்கிக்கிறது நியாயமில்லை. சத்தம் அதிகம்னா குழந்தையைக் கூட்டிட்டு வராதேன்னு சொல்றது சுலபம். குழந்தை வீட்டுல இருந்தா கூட வீட்டுல இருக்கப் போறது யாரு? அப்பனா? தொண்ணூறு வீட்டுல அம்மாதான். குழாயை நம்ம இஷ்டத்துக்கு அலற விட்டா, திருவிழாவிலிருந்து முதல்ல வெளியேறுறது கைக்குழந்தை, அதுக்குப் பின்னாடியே அதோட தாய். நூத்துக்கணக்கான வருஷமா டிக்கெட் இல்லாம, யார் முறைப்பும் இல்லாம அவங்களுக்குத் திறந்திருந்த ஒரே கச்சேரிக் கதவை நாம வால்யூம் குமிழைத் திருகியே சாத்திடுவோம்.

காவடிக் கூட்டம் நடத்துறவங்களுக்கு, செட்டு வாடகைக்கு எடுக்கிற இளந்தாரிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மேளக்காரரை நம்புங்க. மைக் இல்லாமலே அவர் சத்தம் போதும். தெருவுக்கு ஒரு பக்கமாவது குழாய் கட்டாம விடுங்க. ஒருத்தி தூளி கட்டிட்டு, தள்ளி உக்காந்து, தவில் தனி ஆவர்த்தனத்தை முழுசாக் கேட்டுட்டுப் போகட்டும்.